விடியுமுன் ஒரு தேநீர்

வங்கி உத்தியோகத்தில் மாற்றல் எப்போது வரும், எங்கே தூக்கிப் போடும் என்று சொல்லவே முடியாது. அப்படித்தான் ஒருமுறை அகமத்நகர் போய்ச் சேர்ந்தேன் (இப்போது அந்த ஊரின் பெயர் அகில்யாநகர்). பிள்ளைகள் படிப்புக்காகக் குடும்பம் புனேயில், நான் மட்டும் ஒற்றை அறையில். காலையில் எழுந்திருக்கவே மனசு வராது. ஊர்க் கோட்டையைப் பற்றி விசாரிக்கப் போய்த்தான் மௌலானா ஆசாத்தின் ‘குபார்-ஏ-காதிர்’ மொழிபெயர்ப்பில் கைக்கு வந்தது. அதுவரை ஆசாத் என்றால் எனக்கு முதல் கல்வி அமைச்சர், ஒரு மார்க் கேள்வி. அவ்வளவுதான்.

1942 ஆகஸ்ட் 9 விடியற்காலையில் பம்பாயில் காங்கிரஸ் தலைவர்களைக் கைது செய்து, நேரு, பட்டேல் உள்ளிட்ட செயற்குழுவினரை இந்தக் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது காங்கிரஸ் தலைவர் ஆசாத்தான். ஆரம்பத்தில் கடிதமும் கிடையாது, செய்தித்தாளும் கிடையாது. எத்தனை வருஷம் உள்ளே என்றும் தெரியாது. நேரு தோட்டம் போட்டார், 1944-ல் ஐந்தே மாதத்தில் ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’ எழுதினார். அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஆசாத்தின் வழி வேறு. விடியுமுன், மூன்று நான்கு மணிக்கே எழுந்துவிடுவார். யாரையும் எழுப்பாமல் தன் கையாலேயே தேநீர் போட்டுக்கொள்வார். மல்லிகை மணக்கும் சீனத் தேயிலை. அதில் பால் சேர்ப்பது அவருக்கு மகா பாவம்! (டிகிரி காபியில் வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் ஓவர்தான்.) கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நண்பர் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானிக்குக் கடிதம் எழுதுவார். அனுப்ப வழியில்லை என்று தெரிந்தே எழுதினார். அறைக்குள் கூடு கட்டிய சிட்டுக்குருவிகளோடு நடந்த சண்டையையும் பின்னர் வந்த சிநேகத்தையும்கூட விடவில்லை.

1943 வசந்த காலத்தில் கல்கத்தாவில் அவர் மனைவி ஜுலைகா பேகத்துக்கு உடம்பு மிகவும் மோசமானது. அரசிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் கேளுங்கள் என்றார் சிறை அதிகாரி. ஆசாத் மறுத்துவிட்டார். எழுந்திருக்கும் நேரம், சாப்பாட்டு நேரம் எதையும் மாற்றவில்லை. ஏப்ரல் 9 அன்று அவர் காலமானார்.

இரண்டு நாள் கழித்து எழுதிய கடிதத்தில்தான் மனிதர் மனம் திறக்கிறார். செய்தித்தாளோடு வரும் காலடிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்குமாம். ஆனாலும் அவசரமே இல்லாதவர் போல உட்கார்ந்திருப்பாராம். அந்த நிதானத்தில் பாதி நடிப்பு, தன் கர்வம் போட்ட வேஷம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஊரில் வயதான பெற்றோரை விட்டு வந்திருக்கும் உங்களுக்கும் தெரியும், அகாலத்தில் போன் மணி அடித்தால் வயிறு என்ன பாடுபடும் என்று. ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்று சொல்லும் புத்தகங்கள் என் அலமாரியிலும் இரண்டு மூன்று உண்டு. அவற்றில் ஒன்றிலாவது இந்த ஒப்புதல் இருந்திருந்தால் முழுதாகப் படித்திருப்பேன். திடம் உள்ளே இருந்ததால் அவர் தினமும் எழுந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுந்து, அடுப்பு மூட்டி, பேனாவை எடுத்த பிறகுதான் அன்றைக்குத் தேவையான திடம் கொஞ்சம் கிடைத்திருக்க வேண்டும். மனைவி போன சில மாதங்களில் போபாலில் இருந்த சகோதரியும் இறந்துபோனார். கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. 1946-ல் புத்தகமாக வந்தன.

1945 ஜூனில் வங்காளத்து பாங்குராவில் விடுதலையானார். ஹவுரா நிலையத்தில் பெருங்கூட்டம், பேண்டு வாத்தியம். வாத்தியத்தை நிறுத்தச் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன் பம்பாய்க்குக் கிளம்பியபோது மனைவி வாசல்வரை வந்து வழியனுப்பியது நினைவுக்கு வர, வீட்டுக்குப் போகுமுன் காரை அவர் கல்லறைக்குத் திருப்பச் சொன்னார். கார் நிறைய மாலைகள். அதில் ஒன்றை எடுத்துக் கல்லறைமேல் வைத்துவிட்டு, மௌனமாக ஃபாத்திஹா ஓதினார்.