முகவரியில் பிறந்த குடியரசு: அறிவியல் புனைகதை ரசிகர் சமூகமும் அதன் வாசல்களும்

அறிவியல் புனைகதை ரசிகர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர்களுடைய பற்றுதான் முதலில் வந்து நிற்கும். வேற்றுக்கிரகவாசி வேடமிட்டு விடுதிக் கூடங்களில் உலவுவார்கள். 1967-68இல் ‘ஸ்டார் டிரெக்’ தொடரை நிறுத்தக் கூடாதென்று தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் கடிதங்களைக் குவித்தார்கள். 1976இல் அமெரிக்காவின் முதல் விண்ணோடத்துக்கு அந்தத் தொடரில் வரும் கப்பலின் பெயரையே வைக்கச் செய்தார்கள். சுவையான செய்திகள்தான், ஆனால் பற்று மட்டும் எதையும் விளக்கிவிடாது. கிரிக்கெட்டுக்கும் சினிமாவுக்கும் இதைவிட வெறிகொண்ட ரசிகர்கள் உண்டு. இந்தச் சமூகத்துக்கே உரிய தனித்தன்மை வேறிடத்தில் இருக்கிறது. உரிமையாளர் இல்லாத ஓர் உலக மாநாட்டை எட்டுப் பத்தாண்டுகளுக்கும் மேலாக அது நடத்திவருகிறது. தானே வாக்களித்துத் தன் விருதுகளை வழங்குகிறது. அமைப்புவிதி எழுதி, திருத்தி, அதன்மேல் சண்டையும் போடுகிறது. இந்தத் தன்னாட்சி பத்திரிகையில் அச்சான வாசகர் முகவரிகளிலிருந்து முளைத்தது என்பதும், 2015இலும் 2023இலும் அதைக் குலுக்கிய நெருக்கடிகள் அதே மூலத்திலிருந்து வந்தவை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

லக்சம்பர்க்கில் பிறந்து 1904இல் அமெரிக்கா சென்ற ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக், வானொலி உதிரிபாகங்களை விற்றவர். மின்னியல் பத்திரிகைகள் நடத்தியவர். 1926 ஏப்ரலில் அவர் தொடங்கிய ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ மலிவுத்தாள் இதழ்களில் ஒன்று. அட்டையைப் பார்த்ததும் பெரியவர்கள் முகம் சுளிக்கும் ரகம். அதன் வாசகர் கடிதப் பகுதியில் எழுதியவரின் முழு முகவரியும் அச்சாகும். ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்த பதின்வயதினர், இதழாசிரியரைத் தாண்டி ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினார்கள். 1930 மே மாதம் சிகாகோவிலிருந்து ஒரு கடிதத் தொடர்புக் கழகம் ‘தி காமெட்’ என்ற சிறு இதழை வெளியிட்டது. ரசிகர் சிற்றிதழ்களில் முதலாவது என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். கிளீவ்லாந்தில் ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் நடத்திய இதழில் 1933இல் வந்த ஒரு கதையில்தான் ‘சூப்பர்மேன்’ என்ற பெயர் முதலில் தலைகாட்டியது. அதில் அவன் வில்லன்!

இந்த இதழ்கள் உருவான விதத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். அச்சகத்துக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் ஹெக்டோகிராஃபை நாடினார்கள். தட்டையான தகரத் தட்டில் கிளிசரினும் ஜெலட்டினும் கலந்த கூழை ஊற்றி உறைய வைப்பார்கள். தனி மையில் எழுதிய தாளை அதன்மேல் கவிழ்த்து அழுத்தினால் எழுத்து கூழுக்குள் இறங்கும். பிறகு வெள்ளைத்தாளை ஒவ்வொன்றாகப் பரப்பி, தடவி, உரித்தெடுக்க வேண்டும். முதல் படிகள் பளிச்சென்ற ஊதா நிறத்தில் வரும்; ஐம்பதை நெருங்கும்போது எழுத்து மங்கி ஆவிபோல் ஆகிவிடும். விரல் நுனிகளின் ஊதாக் கறை போக நாளாகும். இந்த ஐம்பது என்ற எண்ணிக்கை வெறும் தொழில்நுட்பச் செய்தியாக நின்றுவிடவில்லை. சமூகத்தின் அளவையே அது நிர்ணயித்தது. ஐம்பது பேருக்குள் ஒருவர் கையெழுத்து மற்றவருக்குத் தெரியும். யார் கோபக்காரர், யார் பதில் போடாதவர் என்பதும் தெரியும். பெரும்பாலான இதழ்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒரு கடிதம் எழுதினால் அடுத்த இதழ் வரும். சொந்த இதழை அனுப்பினால் மாற்றாக அவர்கள் இதழ் வரும். வாசிக்கிறவரே எழுதவும் செய்தாக வேண்டும் என்பது எழுதப்படாத விதி. தமிழ்ச் சிற்றிதழ்ச் சூழலை அறிந்தவர்களுக்கு இதன் அருமையும் புரியும், இதிலிருந்து கிளம்பும் பூசல்களும் புரியும்.

முகவரியின் வலிமையைக் கெர்ன்ஸ்பேக்கே தாமதமாகத்தான் உணர்ந்தார் போலும். 1934இல், அப்போது தாம் நடத்திவந்த வேறொரு பத்திரிகையின் பெயரில் ‘சயன்ஸ் ஃபிக்‌ஷன் லீக்’ என்ற அமைப்பைத் தொடங்கி, ஊர்தோறும் கிளைகளுக்கு அங்கீகாரம் கொடுத்தார். கதைக்குப் பணம் தரவில்லை என்று சக எழுத்தாளர்களைத் திரட்டிக் கேள்வி கேட்ட டொனால்ட் வோல்ஹைம் என்ற இளைஞரை மறு ஆண்டே லீக் நீக்கியது. 1936இல் பத்திரிகை கைமாறியதும் தலைமை கலைந்தது. கிளைகளோ பிழைத்துக்கொண்டன. லாஸ் ஏஞ்சலஸ் கிளை இன்றும் வியாழன்தோறும் கூடுகிறது. லீட்ஸ் கிளை 1937 ஜனவரி 3 அன்று அவ்வூர் தியசாபிகல் அரங்கில் ஒரு மாநாட்டை நடத்தியது. வந்தவர்கள் இருபது பேர் அளவில்தான். அவர்களில் ஒருவர், பின்னாளில் இலங்கையில் குடியேறிய 19 வயது ஆர்தர் கிளார்க். பதிப்பாளர் மேலிருந்து கட்டிய அமைப்பு விழுந்தது. வாசகர்கள் தங்களுக்குள் பின்னிக்கொண்டது நின்றது.

இங்கே தமிழோடு ஓர் ஒப்பீடு. சுஜாதாவுக்கு இருந்த வாசகர் கூட்டத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ பகுதிக்கு அறிவியல் கேள்விகள் குவிந்தன. ஆனால் அந்தக் கடிதங்கள் அனைத்தும் எழுத்தாளரை நோக்கியே சென்றன. நம் வார இதழ்களின் கடிதப் பகுதியில் வாசகர் என்றால் பெயரும் ஊரும்தான். அவருக்கு இன்னொரு வாசகர் எழுத வழியில்லை. திரைப்பட ரசிகர் மன்றமும் ஏறக்குறைய இப்படியே, நட்சத்திரத்தை நடுவில் வைத்து இயங்குவது. அறிவியல் புனைகதைக்குத் தமிழில் வாசகர்கள் இருந்தும் ரசிகர் சமூகம் திரளாமல் போனதற்கு ஆர்வக்குறைவைக் காரணம் சொல்வதைவிட, இந்தப் பக்கவாட்டுத் தொடர்பு இல்லாததைச் சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வங்காளத்தில் 1963இல் அத்ரீஷ் பர்தனின் ‘ஆச்சர்ஜோ’ இதழ் வந்து, 1966இல் சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு அறிவியல் புனைகதைத் திரைப்படக் கழகமும் அமைந்தபோது இத்தகைய திரட்சி சிறிது காலம் சாத்தியமாயிற்று.

கடிதத்தில் ஆளின் முகம் தெரியாது. இதை ஒரு சமத்துவம் என்று ரசிகர்கள் நெடுங்காலம் பெருமை பேசினார்கள். அதில் பாதி உண்மை. 1929இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘சயன்சியர்ஸ்’ கழகத்தின் முதல் தலைவர் வாரன் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹார்லெமில் வாழ்ந்த கறுப்பர். வெள்ளைச் சிறுவர்கள் அவர் வீட்டில்தான் கூடினார்கள். மறுபாதியைக் கார்ல் பிராண்டன் கதை சொல்லும். 1950களில் கலிஃபோர்னியாவிலிருந்து நகைச்சுவை ததும்ப எழுதிப் பெயர்பெற்ற கறுப்பின ரசிகர் அவர். பிறகுதான் குட்டு உடைந்தது: அப்படியொருவரே இல்லை, டெர்ரி கார் உள்ளிட்ட வெள்ளை இளைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய பொய்யாள். எல்லோரும் அறிந்த கறுப்பின ரசிகர் ஒரு கற்பனை! தாளில் யாரும் யாராகவும் இருக்கலாம் என்ற சுதந்திரம், யார் வராமலே இருக்கிறார்கள் என்பதை மறைக்கவும் உதவியது. 1999இல் நிறவேறுபாட்டுப் பிரச்சினைகளைப் பேசத் தொடங்கப்பட்ட அமைப்பு வேண்டுமென்றே அந்தப் பொய்யாளின் பெயரைச் சூட்டிக்கொண்டது.

முகவரிகள் உடலெடுத்து ஓரிடத்தில் கூடும்போது வாசல் ஒன்று தேவைப்படுகிறது. முதல் உலக மாநாட்டிலேயே அது தெரிந்துவிட்டது. 1939 ஜூலை 2, நியூயார்க் கேரவன் அரங்கம். அவ்வாண்டு அந்நகரில் நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டிக் கூட்டியதால்தான் ‘உலக’ என்ற அடைமொழியே வந்தது. திரண்டவர்கள் சுமார் இருநூறு பேர். பொறுப்பாளர்களில் ஒருவரான சாம் மோஸ்கோவிட்ஸுக்கு வயது 19. இடதுசாரிச் சாய்வுள்ள ‘ஃபியூச்சூரியன்’ குழுவினர் கலகம் செய்வார்கள் என்ற அச்சத்தில், ஒழுங்காக இருப்பதாக வாக்குறுதி கேட்டார். மறுத்த ஆறு பேர் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். வோல்ஹைம், ஃப்ரெடெரிக் போல், சிரில் கோர்ன்புளூத் அவர்களில் அடக்கம். பின்னாளில் அத்துறையின் முக்கியப் பதிப்பாசிரியர்களும் எழுத்தாளர்களுமாக ஆனவர்கள். அதே குழுவின் ஐசக் அசிமோவ் உள்ளே போய்விட்டார். வேடிக்கை என்னவென்றால், சச்சரவைக் கிளப்பிய துண்டறிக்கையை அச்சிட்ட டேவ் கைலும் உள்ளேதான் இருந்தார். அவரை யாரும் சந்தேகிக்கவில்லை. 1956இல் நியூயார்க் மாநாட்டுக்கு அவரே தலைவரானபோது, விருந்துச் சீட்டு வாங்காதவர்களை மாடத்தில் உட்காரவிடவில்லை. “டேவ் கைல் இங்கே உட்காரக் கூடாது என்கிறார்” என்பது இன்றும் ரசிகர்கள் சொல்லிச் சிரிக்கும் வாசகம். கலகம் செய்தவன் பொறுப்புக்கு வந்ததும் கதவைப் பிடித்துக்கொள்வது சங்கங்கள் எல்லாவற்றிலும் நடப்பதுதான். ஆனால் இங்கே அதற்கு நிறுவன வடிவமும் கிடைத்தது.

உலக அறிவியல் புனைகதைச் சங்கம் சட்டப்படி பதிவு செய்யப்படாத அமைப்பு. நிரந்தரத் தலைவரோ தலைமை அலுவலகமோ கிடையாது. அந்தந்த ஆண்டு மாநாட்டுக்குக் கட்டணம் கட்டியவரே உறுப்பினர். அவருக்கே 1953இல் தொடங்கிய ஹ்யூகோ விருதுகளில் வாக்கு. மாநாடு எங்கே என்பதையும் வாக்களித்தே தேர்வு செய்கிறார்கள். விருதை நடத்தும் முழுப் பொறுப்பும் அவ்வாண்டின் உள்ளூர்க் குழுவுக்கு. விதியைத் திருத்த, அடுத்தடுத்த இரண்டு மாநாடுகளின் பொதுக்குழு ஒப்ப வேண்டும். யாரும் கைப்பற்ற முடியாதபடி அதிகாரத்தைச் சிதறடித்த இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை நான் வியக்கிறேன். ஆனால் இது ஐம்பது படி இதழின் நம்பிக்கையில் எழுதப்பட்ட விதி: கட்டணம் கட்டுகிறவர் நம்மவராகத்தான் இருப்பார், நடத்துகிறவர் நேர்மையாகத்தான் இருப்பார்.

முதல் நம்பிக்கை 2015இல் உடைந்தது. அப்போது ஒருவர் ஒரு பிரிவில் ஐந்து ஆக்கங்களைப் பரிந்துரைக்கலாம். அதிகப் பரிந்துரை பெற்ற ஐந்து இறுதிப் பட்டியலுக்குப் போகும். மற்றவர்கள் ரசனைக்கேற்பச் சிதறிப் பரிந்துரைக்க, ஒரு சிறு கூட்டம் ஒரே பட்டியலைப் பார்த்து எழுதினால் ஐந்து இடமும் அதற்கே. ‘பப்பீஸ்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட வலதுசாரிச் சாய்வுள்ள குழுக்கள் அதைத்தான் செய்தன. எந்த விதியும் மீறப்படவில்லை. கொதித்தெழுந்தவர்கள் 40 டாலர் ஆதரவு உறுப்பினர்களாகச் சேர்ந்து வாக்களித்தார்கள். பதிவான வாக்குச்சீட்டுகள் 5,950. ஐந்து பிரிவுகளில் ‘விருது யாருக்கும் இல்லை’ என்பதே வென்றது. சமூகம் தந்த நிரந்தர விடை ஒரு கணக்கு: ஒருவருக்குப் பிரிவுக்கு ஒரு புள்ளி, அது அவர் பரிந்துரைத்தவற்றில் எஞ்சியிருப்பவற்றுக்குச் சமமாகப் பிரியும், புள்ளி குறைந்த இரண்டில் பரிந்துரை குறைந்தது விலகும், மீண்டும் கணக்கு. ஒரே பட்டியலை நகலெடுப்பவர்களின் பலம் இதில் தானாகக் கரைந்துவிடுகிறது. ஈராண்டுப் பொதுக்குழு ஒப்புதலுக்குப் பிறகு 2017இல் நடைமுறைக்கு வந்தது. யாரையும் வாசலில் நிறுத்தாமல் சிக்கலைத் தீர்த்த அழகான விடை இது.

இரண்டாவது நம்பிக்கை 2023இல் சீனாவின் செங்டு நகரில் உடைந்தது. சீன ரசிகர் சமூகத்தை அமெரிக்கக் கிளையாக எண்ணுவது தவறு. செங்டுவிலிருந்து 1979 முதல் வரும் இதழ், 1983இல் ‘ஆன்மிக மாசு’ எதிர்ப்பு இயக்கத்தின் கெடுபிடியைத் தாண்டி, ‘அறிவியல் புனைகதை உலகம்’ என்ற பெயரில் வளர்ந்தது. சர்வதேச எழுத்தாளர் கூட்டத்தைச் செங்டுவுக்குக் கேட்டுப் பெற அதன் ஆசிரியர் யாங் ஸியாவ் 1990இல் எட்டு நாள் ரயிலிலேயே ஹேக் நகருக்குப் போனார். ‘நினைவை இடமாற்ற முடியுமென்றால்’ என்ற பொருள் 1999 ஜூலை இதழிலும் அவ்வாண்டு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக் கட்டுரையிலும் ஒருசேர வந்துவிட, பெற்றோர்களே இதழைத் தேடி வாங்கினார்கள். ஜப்பானிலும் கதை அதன் போக்கில் தனியே வளர்ந்தது: 1957இல் ஷிபானோ தகுமியின் ‘உச்சூஜின்’, 1962இலிருந்து ஆண்டுதோறும் சொந்த மாநாடு. உலக மாநாடு ஆசியாவுக்கு வர 2007 வரை ஆயிற்று.

2023 மாநாட்டுக்கான இடத்தேர்வு 2021 டிசம்பரில் வாஷிங்டனில் நடந்தது. செங்டுவுக்கு வந்த சீட்டுகளில் பெரும் பகுதியில் அஞ்சல் முகவரி இல்லை. மின்னஞ்சல் மட்டும் இருந்தது. அவற்றைக் கணக்கில் கொள்ளக் கூடாதென்று பொதுக்குழு ஒரு கட்டுப்படுத்தாத தீர்மானமே நிறைவேற்றியது. பிறகு அவை செல்லும் என்று முடிவாயிற்று, செங்டு வென்றது. அன்று கடிதப் பகுதியில் ஆளைச் சேர்த்த முகவரி, இங்கே ஆளை நிறுத்தப் பார்த்தது.

2024 ஜனவரியில் வெளியான வாக்கு விவரங்களில் ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ நாவல், ஷிரான் ஜே ஷாவ் உள்ளிட்ட சிலர் ‘தகுதியில்லை’ என்று காரணமின்றி நீக்கப்பட்டிருந்தார்கள். இதைச் சீனத் தணிக்கை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. பிப்ரவரியில் கசிந்த மின்னஞ்சல்கள் வேறு கதை சொல்லின. வட அமெரிக்க நிர்வாகிகளே சீனா, தைவான், திபெத் தொடர்பாக யார் என்ன எழுதினார்கள், பேசினார்கள் என்று துருவிக் குறிப்பெடுத்திருந்தார்கள். ஒருவர் திபெத்துக்குப் போனதாக ஒரு குறிப்பு; அவர் போனது நேபாளத்துக்கு. அச்சமே தணிக்கையாளர் வேலையைப் பார்த்தது என்பதை ஏற்கலாம். ஆனால் அதைத் தட்டிக் கேட்க அமைப்புவிதியில் வழியே இல்லாமல் போனதற்கு எந்த அரசும் பொறுப்பல்ல. உள்ளூர்க் குழுவின் முடிவே இறுதி என்பது ரசிகர்கள் தாங்களே எழுதிய விதி. தங்கள் ஊரில் முதல் உலக மாநாட்டைக் கண்ட சீன ரசிகர்கள்தான் இதில் அதிகம் இழந்தவர்கள். மேற்கத்திய கண்டனங்களில் அவர்கள் குரல் மிகக் குறைவாகவே கேட்டது.

2024 கிளாஸ்கோ மாநாடு 377 வாக்குகளைப் போலி என்று நீக்கியபோது, முடிவு வரும் முன்பே காரணத்தை வெளியிட்டது. பாராட்டத்தக்கது, ஆனால் அது அந்தக் குழுவின் நேர்மை, அடுத்த குழுவை அது கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்த வேண்டுமென்றால் விதியைத் திருத்த வேண்டும். அதற்கான பொதுக்குழுவோ மாநாட்டு அரங்கில் நேரில் இருப்பவர்களுக்கு மட்டுமானதாகவே இருந்துவந்தது. செங்டுவிலோ கொல்கத்தாவிலோ இருக்கும் மாணவர் கட்டணம் கட்டி விருதுக்கு வாக்களிக்கலாம். விருதின் விதிக்கு வாக்களிக்க விமானச் சீட்டும் விசாவும் வேண்டியிருந்தது. 2025இல் சியாட்டில் மாநாடு இந்தப் பொதுக்குழுவை இணையவழியில் நடத்தியது. ஹ்யூகோவின் கணக்கைவிட, யார் வென்றார் என்பதைவிட, இந்த ஏற்பாடு நிலைக்கிறதா என்பதையே இனி வரும் ஆய்வுகள் கவனிக்க வேண்டும். நிலைத்தால் விதி எழுதுகிறவர்கள் மாறுவார்கள். அதை விரும்பாதவர்களும் அதே பொதுக்குழுவில்தான் இருக்கிறார்கள்.