வைகையின் தலைமடை: மேகமலைப் பாதுகாப்புக்கு ஓர் அளவுகோல்

மேகமலை வன உயிரினச் சரணாலயமும் திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயமும் 2021 பிப்ரவரியில் இணைக்கப்பட்டு, நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. இதன் பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். இக்காப்பகத்தின் வெற்றியைப் புலிகளின் எண்ணிக்கையால் மட்டுமன்றி, இம்மலைகளில் பிறக்கும் மூல வைகையின் நீரோட்டத்தாலும் அளக்க வேண்டும். அந்த நீருக்கான விலையைத் தலைமடையில் வாழ்வோர் மட்டும் சுமக்கக் கூடாது. இவ்விரண்டையும் இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

1. அறியுமுன் அழியும் செல்வம்

தேயிலைத் தோட்டக்காரரான ஆங்கஸ் ஹட்டன் 1948இல் மேகமலையில் பிடித்த பழந்தின்னி வௌவால் ஒன்று, வேறோர் இனத்தின் பெயரில் அருங்காட்சியகச் சேகரிப்பில் கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா 1972இல் அதைப் புதிய பேரினமாக நிறுவி, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். கையில் கிடைத்த உயிரை அடையாளம் காணவே கால் நூற்றாண்டு ஆயிற்று. கணக்கில் ஏறாத உயிர்கள் இன்னும் வாழக்கூடிய மலையில், காட்டைத் திருத்துவதால் வரும் இழப்பை எவராலும் மதிப்பிட முடியாது.

2. மறைந்திருக்கும் வறட்சி

வைகை அணைக்கு முக்கியமாக இரு வழிகளில் நீர் வருகிறது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், சுரங்கம் வழியே மலையைக் கடந்து, கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்வயல்களுக்குப் பாய்ந்து அணைக்கு வருகிறது. மூல வைகையோ இக்காப்பகத்தைச் சேர்ந்த வருசநாட்டு மலைகளில் பிறந்து, கடமலை–மயிலை ஒன்றியம் வழியே வருகிறது. அதற்குப் பின்னால் பெரிய தேக்கம் எதுவும் இல்லை. சோலையும் புல்வெளியும் பிடித்து வைக்கும் மழையே அதன் முதல். சரிவுகளில் காடு திருத்தப்பட்டால் மழைநீர் மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கிவிடும். கோடையில் ஆறு மணலாகும். மண் அணையில் வண்டலாகப் படியும். ஆனால் பெரியாற்று நீர் அணைக்கு வந்துகொண்டிருப்பதால், சொந்த ஆறு வற்றுவது கீழ்மடைப் பாசனத்தாருக்கு உறைப்பதில்லை. மேகமலை குறித்த அக்கறை சமவெளியில் மங்கலாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

3. மலைவாழ்வோரும் சட்டமும்

இம்மலைகளை நம்பி வாழும் பளியர் பழங்குடியினர், இலவமும் முந்திரியும் பயிரிடும் குடும்பங்கள், மலைமாடு மேய்ப்போர் ஆகிய மூவரையும் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது ஆய்வுக்கும் நீதிக்கும் பொருந்தாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பாரம்பரிய மேய்ச்சலையும் உரிமையாக ஏற்கிறது. அதே ஆண்டு திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காப்பகத்தின் சுற்றுப்பகுதியில் மனிதரும் விலங்கும் இணைந்து வாழ்வதை ஊக்குவிக்கவும், அதன் எல்லையைக் கிராம சபையைக் கலந்து வகுக்கவும் சொல்கிறது.

வன உரிமைச் சட்டத்தின் வரம்புக்குள் வராத சாகுபடியாளர்களை என்ன செய்வது என்ற எதிர்வாதம் நியாயமானது. புதிதாகக் காடு திருத்துவதற்கு இடமே தரக் கூடாது. ஆனால் நெடுங்காலம் உழுதவர்களை ஒரே நாளில் இறக்கிவிட்டால் சரிவு தானாகக் காடாகிவிடாது. களைச்செடியும் காட்டுத்தீயும் அவ்விடத்தைப் பிடிக்கும். நாட்டு மரங்களை நட்டு, காத்து, தீத்தடுப்புக் கோடு வெட்ட ஆள் வேண்டும். அந்நிலத்தை அறிந்தவர்களே அதற்கு உரியவர்கள்.

4. முன்மொழிவு

முதலாவதாக, மூல வைகையின் கோடைக்கால நீரோட்டத்தை ஆண்டுதோறும் அளந்து பொதுவில் வெளியிட வேண்டும். இரண்டாவதாக, உரிமைக் கோரிக்கைகளைத் தீர்த்த பின்னரே எந்த வெளியேற்றமும் நிகழ வேண்டும். மூன்றாவதாக, வைகை நீரால் பயன்பெறும் நகரங்களின் குடிநீர் வருவாயில் ஒரு பங்கு, சரிவுகளில் மரம் வளர்க்கும் மலைக் குடும்பங்களுக்குக் கூலியாகச் செல்ல வேண்டும்.

கடைமடைக்கு நீர் சேர வேண்டுமென்றால் தலைமடையைப் பேண வேண்டும் என்பது இப்பகுதி உழவர் நன்கறிந்த பாசன நெறி. அந்நெறியைக் கால்வாயின் மதகோடு நிறுத்தாமல் மலைமுகடு வரை நீட்டுவதே வைகைப் படுகைக்குப் பொருந்தும் நிலைத்த வளர்ச்சி.