பிரேசில் தேசிய ஆல்ககால் திட்டம்

பிரேசில் தேசிய ஆல்ககால் திட்டம் (சுருக்கமாக, புரோஆல்கூல்) என்பது கரும்பிலிருந்து பெறப்படும் எத்தனாலைத் தானுந்துகளுக்கு எரிபொருளாகப் பயன்படுத்துவதன் மூலம் எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கும் பொருட்டுப் பிரேசில் அரசு 1975ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டமாகும். மாற்று எரிபொருள் ஒன்றை நாடு தழுவிய அளவில் நடைமுறைப்படுத்திய முன்னோடி முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது. 1980களில் பெருவளர்ச்சி கண்ட இத்திட்டம் 1989ஆம் ஆண்டின் எத்தனால் தட்டுப்பாட்டால் நிலைகுலைந்தது. 2003ஆம் ஆண்டுக்குப் பின்னர் எத்தனால் பயன்பாடு வேறொரு வடிவில் மீண்டும் வளர்ச்சியடைந்தது. ஓர் எரிபொருளைச் சார்ந்திருப்பதைக் கைவிட்டு மற்றொன்றை மட்டும் சார்ந்திருப்பது ஆற்றல் பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இத்திட்டத்தின் வரலாறு ஓர் எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

பிரேசிலில் எத்தனாலை எரிபொருளாகப் பயன்படுத்தும் வழக்கம் இத்திட்டத்துக்கு முற்பட்டது. 1931ஆம் ஆண்டில் கெட்டூலியோ வார்கஸ் தலைமையிலான அரசு, இறக்குமதி செய்யப்படும் பெட்ரோலில் 5 விழுக்காடு எத்தனால் கலக்கப்பட வேண்டும் என ஆணையிட்டது. சர்க்கரைத் தொழிலை ஒழுங்குபடுத்துவதற்காக 1933இல் சர்க்கரை, ஆல்ககால் நிறுவனம் அமைக்கப்பட்டது. எனினும், எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் எத்தனாலின் பங்கு சிறிதாகவே இருந்தது.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி இந்நிலையை மாற்றியது. சில மாதங்களுக்குள் பன்னாட்டுச் சந்தையில் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. அப்போது பிரேசில் தனது எண்ணெய்த் தேவையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை இறக்குமதி செய்துவந்தது. இதனால் நாட்டின் அந்நியச் செலாவணி பெருமளவில் எண்ணெய்க்கே செலவானது. இதே காலப்பகுதியில் பன்னாட்டுச் சந்தையில் சர்க்கரையின் விலை வீழ்ச்சியடைந்ததால், ஆலை உரிமையாளர்களும் தங்கள் கரும்புக்கு வேறொரு பயனைத் தேடினர்.

தொடக்கமும் வளர்ச்சியும்

1975 நவம்பர் 14ஆம் நாள் குடியரசுத் தலைவர் எர்னெஸ்டோ கைசெல் வெளியிட்ட ஆணையின் மூலம் திட்டம் தொடங்கப்பட்டது. முதற்கட்டத்தில் பெட்ரோலுடன் கலப்பதற்கான நீரற்ற எத்தனாலின் உற்பத்தியே நோக்கமாக இருந்தது. சர்க்கரை ஆலைகளுடன் இணைந்த வடிசாலைகளை அமைக்கக் குறைந்த வட்டியில் கடன் வழங்கப்பட்டது.

1979ஆம் ஆண்டின் இரண்டாவது எண்ணெய் நெருக்கடிக்குப் பின், எத்தனாலில் மட்டும் ஓடும் தானுந்துகளை உருவாக்க அரசு தானுந்து நிறுவனங்களுடன் உடன்பாடு செய்துகொண்டது. அவ்வகையில் பெருமளவு உற்பத்தி செய்யப்பட்ட முதலாவது தானுந்து, 1979இல் வெளிவந்த ஃபியட் 147 ஆகும். எத்தனாலின் விலை பெட்ரோல் விலையில் 65 விழுக்காட்டுக்கு மேற்படாதவாறு அரசால் கட்டுப்படுத்தப்பட்டது. 1980களின் நடுப்பகுதியில், விற்பனையான புதிய தானுந்துகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை எத்தனாலில் ஓடுபவையாக இருந்தன. 1975இல் ஏறத்தாழ 60 கோடி லிட்டராக இருந்த எத்தனால் உற்பத்தி, பத்தாண்டுகளில் 1,100 கோடி லிட்டரைத் தாண்டியது.

தொழில்நுட்பம்

எத்தனால் இரு வடிவங்களில் பயன்படுகிறது. நீரற்ற எத்தனால் பெட்ரோலுடன் கலக்கப்படுகிறது. ஏறத்தாழ 5 விழுக்காடு நீரைக் கொண்ட எத்தனால் தனி எரிபொருளாக விற்கப்படுகிறது. ஒரு லிட்டர் எத்தனால் தரும் ஆற்றல் பெட்ரோலினதை விடக் குறைவாதலால், அதன் விலை பெட்ரோல் விலையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே ஓட்டுநருக்கு ஆதாயம் உண்டு. ஆனால் எத்தனாலின் ஆக்டேன் எண் கூடுதலாதலால், எந்திரத்தின் அமுக்க விகிதத்தை உயர்த்த முடிகிறது.

தொடக்ககால எத்தனால் தானுந்துகளில் உலோகப் பகுதிகள் அரிப்புக்கு உள்ளாயின. குளிர்ந்த காலநிலையில் எந்திரத்தை இயக்குவதும் கடினமாக இருந்தது. இதற்காகப் பெட்ரோல் நிரப்பிய சிறு கலம் ஒன்று தானுந்தில் பொருத்தப்பட்டது.

சாறு பிழிந்தபின் எஞ்சும் கரும்புச் சக்கையை எரித்து, ஆலைகள் தமக்குத் தேவையான வெப்பத்தையும் மின்சாரத்தையும் பெறுகின்றன. மிகை மின்சாரம் விற்கப்படுகிறது. உற்பத்திக்கு வெளியிலிருந்து பெற வேண்டிய எரிபொருள் இதனால் வெகுவாகக் குறைகிறது.

1989ஆம் ஆண்டின் தட்டுப்பாடு

1986இல் எண்ணெய் விலை சரிந்தபோது எத்தனாலுக்கான அரசு உதவி பெருஞ்சுமையாயிற்று. பின்னர் சர்க்கரை விலை உயரவே, ஆலைகள் கரும்பைச் சர்க்கரை ஏற்றுமதிக்குத் திருப்பின. 1989இல் எத்தனாலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. எத்தனால் தானுந்துகளில் பெட்ரோலைப் பயன்படுத்த இயலாதாகையால் அவற்றின் உரிமையாளர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இறக்குமதியைத் தவிர்ப்பதற்காகத் தொடங்கப்பட்ட திட்டத்தைக் காப்பாற்ற மெத்தனாலை இறக்குமதி செய்து கலக்க நேர்ந்தது. மக்கள் நம்பிக்கை இழந்தமையால், 1990களின் இறுதியில் எத்தனால் தானுந்துகள் புதிய விற்பனையில் ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை. ஆயினும் பெட்ரோலில் எத்தனால் கலக்கும் கட்டாயம் நீடித்ததால் ஆலைகள் முற்றிலும் அழிந்துவிடவில்லை.

இருவகை எரிபொருள் தானுந்துகள்

2003இல் வோல்க்ஸ்வாகன் நிறுவனம் கோல் என்னும் தானுந்தின் புதிய வகையை அறிமுகப்படுத்தியது. பெட்ரோல், எத்தனால் ஆகியவற்றை எந்த விகிதத்திலும் இதில் நிரப்பலாம். வெளியேறும் புகையிலுள்ள ஆக்சிசனின் அளவை உணரி கண்டறிய, மின்னணுக் கட்டுப்பாட்டகம் எரிபொருள் அளவையும் தீப்பொறி நேரத்தையும் அதற்கேற்பச் சரிசெய்கிறது. விலை உயர்வோ தட்டுப்பாடோ ஏற்பட்டால் ஓட்டுநர் மற்ற எரிபொருளுக்கு உடனே மாறிக்கொள்ள முடிவதால் 1989இன் நிலை மீண்டும் நேரும் அச்சம் நீங்கியது. சில ஆண்டுகளுக்குள் இவ்வகை தானுந்துகள் புதிய விற்பனையின் பெரும்பகுதியைப் பிடித்தன. பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலின் பங்கு 2015இல் 27 விழுக்காடாகவும், 2025 ஆகஸ்ட்டில் 30 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது.

உள்நாட்டு எண்ணெயும் எரிபொருள் சிக்கனமும்

எத்தனால் மட்டும் பிரேசிலின் இறக்குமதியைக் குறைத்துவிடவில்லை. அரசு நிறுவனமான பெட்ரோபிராஸ் 1974இல் கம்போஸ் படுகையில் கடலடி எண்ணெயைக் கண்டறிந்து, ஆழ்கடல் அகழ்வில் தேர்ச்சி பெற்றது. 2006இல் அரசு எண்ணெயில் தன்னிறைவை அறிவித்தது. 2007இல் அறிவிக்கப்பட்ட டூப்பி வயல் முதலான, உப்புப் படிவுக்குக் கீழுள்ள எண்ணெய் வயல்களால் உற்பத்தி மேலும் பெருகியது. 2024இல் கச்சா எண்ணெய் நாட்டின் ஏற்றுமதிப் பொருள்களுள் முதலிடம் பெற்றது.

எரிபொருள் சிக்கனத்துக்கான முயற்சிகள் காலந்தாழ்ந்தே வந்தன. தானுந்துகளின் எரிபொருள் திறனைக் குறிக்கும் முத்திரைத் திட்டம் 2008இல் தொடங்கியது. 2013 முதல் 2017 வரை நடைமுறையிலிருந்த வரிச்சலுகைத் திட்டம், எரிபொருள் திறனைக் குறைந்தது ஏறத்தாழ 12 விழுக்காடு உயர்த்துமாறு நிறுவனங்களைக் கோரியது.

தாக்கங்களும் திறனாய்வும்

எத்தனால் கலப்பினால் பெட்ரோலிலிருந்து ஈயச் சேர்மங்களைப் பிரேசில் விரைவில் நீக்க முடிந்தது. மறுபுறம், கரும்பை வெட்டுமுன் தோகையை எரிக்கும் வழக்கம் காற்றை மாசுபடுத்தியது. இதைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தைச் சாவோ பாவுலோ மாநிலம் 2002இல் இயற்றியது. எந்திர அறுவடை பரவியதால் புகை குறைந்தது, ஆனால் கரும்பு வெட்டும் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர்.

எத்தனால் பெட்ரோலுக்கு மாற்றாகுமேயன்றி டீசலுக்கு ஆகாது. சரக்குந்துகள் டீசலில் ஓடுவதாலும், சுத்திகரிப்புத் திறன் போதாமையாலும், கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்யும் பிரேசில் டீசலை இன்றும் இறக்குமதி செய்கிறது. 2008 முதல் கட்டாயமாக்கப்பட்ட உயிரி டீசல் கலப்பு இவ்விடைவெளியின் ஒரு பகுதியை மட்டுமே நிரப்புகிறது.