இல்ஃபோர்ட் மைதானமும் பெங்களூர் சந்துகளும்

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர்தான். வேலைக்கும் படிப்புக்கும் தினமும் எத்தனையோ பேர் போய்வரும் பாதை. சுதந்திர இந்தியாவின் முதல் கால்பந்து கோலை அடித்தவர் அந்த ஊர்க்காரர் என்பது இவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக். சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இந்தியாவுக்கு எதிரணி பிரான்ஸ். போட்டி நடந்தது பிரம்மாண்டமான வெம்ப்ளியில் அல்ல; கிழக்கு லண்டன் பக்கம் இல்ஃபோர்டில், சம்பளம் வாங்காத அமெச்சூர் வீரர்கள் ஆடும் ஒரு சிறிய மைதானத்தில்! நம் வீரர்களில் பலர் பூட்ஸ் போடாமல் வெறுங்காலில் ஆடினார்கள்.

பிரான்ஸ் முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில், 70-வது நிமிடத்தில், சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். இந்தியாவுக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன. இரண்டும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்தது. தோல்விதான், ஆனால் கௌரவமான தோல்வி.

ராமன் மட்டுமல்ல, வரதராஜ், தன்ராஜ், பஷீர், அகமது கான் என்று அந்த அணியில் பெங்களூர்க்காரர்கள் நிறைய. ஒரே ஊரிலிருந்து இத்தனை பேர் எப்படி?

பதில் கன்டோன்மென்ட்டில் இருக்கிறது. 1809-ல் ஆங்கிலேயர் அங்கே ராணுவ முகாம் அமைத்தார்கள். பின்னாலேயே தமிழ்ப் பகுதிகளிலிருந்து கூலிகள், வியாபாரிகள், சமையல்காரர்கள் என்று பலரும் போய்க் குடியேறினார்கள். அல்சூர், ஆஸ்டின் டவுன் எல்லாம் அப்படித் தமிழ் ஒலிக்கும் இடங்களாயின. சிப்பாய்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பையன்களும் ஆடினார்கள். மட்டை வேண்டாம், ஸ்டம்ப் வேண்டாம். ஒரு பந்து இருந்தால் இருபது பேர் ஆடலாம்!

சிறு சிறு கிளப்கள் முளைத்தன. 1937-ல் பெங்களூர் முஸ்லிம்ஸ் கிளப் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அடுத்த வருடமும் அதுவே வென்றது. 1946-47-ல் மைசூர் அணி சந்தோஷ் கோப்பையைத் தட்டிச் சென்றது. பிறகு எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகள் சொந்தமாக அணி வைத்துக்கொண்டன. நன்றாக ஆடினால் நிரந்தர வேலை. ஏழைக் குடும்பத்துப் பையனுக்குக் கால்பந்து பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. அல்சூர் அருகே கௌதமபுரத்தில் இன்றும் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளுக்குப் பக்கத்தில் பீலேவுக்கும் சிலை இருக்கிறது. அந்தத் தெரு யாரையெல்லாம் தன்னவராக நினைக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இல்ஃபோர்ட் கிளப்பின் கதை என்ன ஆனது? 1929, 1930 என்று இரண்டு வருடம் தொடர்ந்து இங்கிலாந்தின் அமெச்சூர் கோப்பையை வென்ற கிளப் அது. 1979-ல் பக்கத்து ஊர் லேட்டன்ஸ்டோன் கிளப்புடன் இணைக்கப்பட்டு, தனி அடையாளத்தை இழந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. 1987-ல் அதே பெயரில் மறுபடி தொடங்கினார்கள். பெரிய லீக்குகளுக்கெல்லாம் வெகு கீழே, உள்ளூர் மட்டத்தில் ஆடும் கிளப்தான். ஆனாலும் ஊரின் பெயர் தொடர்கிறது.

பெங்களூரும் காத்திருந்தது. மைசூர் என்ற பெயரில் 1968-69-ல் வென்ற சந்தோஷ் கோப்பை, கர்நாடகாவுக்கு 54 வருடம் கழித்து 2023-ல்தான் திரும்பக் கிடைத்தது.

சிறு மைதானம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் லாபம் காட்டாது. சதுர அடி விலை ஏறும் ஊரில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். 1970-களில் சிப்காட் வந்தபின் ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகின, வீடுகள் பெருகின. பையன்கள் ஆட மிச்சமிருக்கும் காலி இடத்தை ப்ளாட் போடுவதற்கு முன்னால், இல்ஃபோர்டில் விழுந்த அந்தக் கோல் எந்தச் சந்திலிருந்து கிளம்பியது என்று ஒரு நிமிடம் யோசித்தால் நல்லது!