மருத்துவமனை மாற்ற அறிவிப்பு (ஐக்கிய அமெரிக்கா)

மருத்துவமனை மாற்ற அறிவிப்பு என்பது, முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வசிப்பவர் மருத்துவமனைக்கு அனுப்பப்படும்போது அவருடைய குடும்பத்தினருக்கோ பிற சார்பாளருக்கோ இல்லம் தெரிவிக்க வேண்டிய செய்தி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் மெடிக்கேர், மெடிக்கெய்டு திட்டங்களில் பங்கேற்கும் இல்லங்களுக்கு இது சட்டக் கடமை. 1987 ஆம் ஆண்டின் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் இதற்கு அடிப்படை. கூட்டரசு விதிகள் 2016 இல் விரிவாகத் திருத்தப்பட்டன.

மருத்துவர் தலையீடு தேவைப்படக்கூடிய காயம், உடல்நிலையில் பெரும் மாற்றம், இடமாற்ற முடிவு ஆகியவற்றை உடனடியாகத் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொல்வதோடு கடமை முடிவதில்லை. மாற்றத்தின் காரணம், நாள், சேருமிடம், மேல்முறையீட்டு உரிமை ஆகியவை புரியும் மொழியில் எழுத்தில் தரப்பட வேண்டும். பொதுவாக 30 நாள் முன்னதாகத் தர வேண்டிய இவ்வறிவிப்பை, அவசர நிலையில் இயன்றவரை விரைவாகத் தந்தால் போதும்.

படுக்கை ஒதுக்கீடு

நோயாளியின் நிலை குறித்த கவலையில் குடும்பத்தினர் எளிதில் கவனிக்கத் தவறுவது இதுவே. இல்லத்தில் அவருடைய படுக்கை எத்தனை நாள் ஒதுக்கி வைக்கப்படும் என்பதையும் இல்லம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இக்கால அளவு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அது கடந்தாலும், அந்த இல்லத்தின் பராமரிப்பு தொடர்ந்து தேவைப்படும் மெடிக்கெய்டு பயனாளருக்குப் பழைய அறை காலியாக இருந்தால் அதற்கோ, இல்லையெனில் பகிர்வு அறையில் முதலில் காலியாகும் படுக்கைக்கோ திரும்பும் உரிமை உண்டு.

சார்பாளரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அவ்வப்போது புதுப்பித்து வைப்பதும் இல்லத்தின் கடமையே. பதிவேட்டில் பழைய எண் இருந்தால், நள்ளிரவில் நோயாளி ஊர்தியில் ஏற்றப்பட்ட செய்தி யாரையும் சென்றடையாது.