வழக்குத் தொடுக்கும் அதிகாரமும் ஒடுக்கப்பட்ட மக்களும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இளைஞர்க்குப் பயன்படும் வரலாற்றுக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு சங்கப் பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டனர். மன்னர்களின் போர்களையும் மாநாடுகளின் தீர்மானங்களையும் மாணவர்கள் பாடநூல்களிலேயே படித்துக்கொள்வர். ஆகவே, எளிய மக்களின் வாழ்வை நேரே தொடுவதும், நாம் அதிகம் எண்ணிப் பாராததுமான ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம்.

ஒரு குற்றம் நிகழ்கிறது. காவலர் புலன் விசாரிக்கின்றனர். இன்னார்மீது இன்ன பிரிவின்கீழ் வழக்குத் தொடுக்கலாம் என்றோ, தொடுக்க இடமில்லை என்றோ இறுதியில் ஒருவர் முடிவு செய்ய வேண்டும். அம்முடிவைச் செய்ய வேண்டியவர் காவலரா, அரசு வழக்கறிஞரா? இக்கேள்வியை ஒட்டி, நம் நீதிமன்ற முறைக்கு வார்ப்பாக அமைந்த இங்கிலாந்தில் நூற்றாண்டுக்கு மேலாக வாதம் நடந்துள்ளது. அண்ணல் அம்பேத்கர் இலண்டன் கிரேஸ் இன்னில் பயின்றதும் அந்நாட்டுச் சட்டமே. ஆதலின் அவ்வரலாற்றை முதலில் கண்டு, பின்னர் நம் நாட்டு நிலைக்கு வருவோம்.

காவலரே வழக்காடிய காலம்

இங்கிலாந்தில் நெடுங்காலம் குற்ற வழக்குகளைத் தொடுப்பதற்கெனத் தனித்துறை இருக்கவில்லை. பொருளைப் பறிகொடுத்தவரே சாட்சிகளைத் திரட்டி, தம் கைப்பொருளைச் செலவிட்டு வழக்காட வேண்டியிருந்தது. செல்வர்க்கு இஃது இயலும். ஏழைக்கு எங்ஙனம் இயலும்? 1829-இல் இராபர்ட் பீல் இலண்டன் மாநகரக் காவற்படையை நிறுவினார். பிற பகுதிகளிலும் காவற்படைகள் தோன்றின. நாளடைவில் வழக்குத் தொடுக்கும் பொறுப்பும் அவற்றையே வந்தடைந்தது.

1879-ஆம் ஆண்டுச் சட்டம் பொது வழக்குகளின் இயக்குநர் என்னும் பதவியை ஏற்படுத்தியது. எனினும் பெருங்குற்றங்களுள் சிலவே அவர் கைக்குச் சென்றன. ஏனையவற்றில் பிடித்தவரும் விசாரித்தவரும் குற்றம் சாட்டியவரும் காவலரே. அண்டை நாடான ஸ்காட்லாந்திலோ, காவலர் தம் அறிக்கையை அரசின் வழக்கு அலுவலரிடம் அளிக்க, அவரே முடிவு செய்யும் முறை நெடுங்காலமாக நிலவி வந்தது.

காவல் துறையை ஆராய்ந்த அரச ஆணைக்குழு, காவலருக்கு உதவத் தனி வழக்கறிஞர் பிரிவுகள் வேண்டுமென 1962-இல் கூறியது. பல இடங்களில் அவை அமைந்தன. ஆயினும் அவ்வழக்கறிஞர்க்குக் காவலரே கட்சிக்காரர். 'இவ்வழக்கு நில்லாது' என்று வழக்கறிஞர் அறிவுரை கூறினாலும், அதை ஏற்பதும் தள்ளுவதும் காவலரின் விருப்பம்.

1972-இல் இலண்டனில் மாக்ஸ்வெல் கான்பெயிட் என்பவர் கொலையுண்டார். பதினெட்டு, பதினைந்து, பதினான்கு வயதுடைய மூன்று இளைஞர் பிடிபட்டனர். மூத்தவர் அறிவு வளர்ச்சி குன்றியவர். பெற்றோர் உடனில்லாமல் விசாரித்துப் பெற்ற ஒப்புதல் வாக்குமூலங்களைக் கொண்டு அவர்கள் தண்டிக்கப்பட்டனர். 1975-இல் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்புகளைத் தள்ளுபடி செய்தது. இதுபற்றிய விசாரணை அறிக்கை 1977-இல் வெளிவந்தது. நாட்டின் மனச்சான்று விழித்தது. குற்ற நடைமுறை முழுவதையும் ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு, புலனாய்வு ஒருவரிடமும் வழக்கு நடத்துதல் மற்றொருவரிடமும் இருக்க வேண்டுமென 1981-இல் பரிந்துரைத்தது. 1985-இல் சட்டம் இயற்றப்பட்டது. 1986-இல் 'கிரவுன் பிராசிக்யூஷன் சர்வீஸ்' எனும் அரச வழக்குத் துறை பிறந்தது.

காவலர் கொண்ட கசப்பு

புதிய முறையில் முதற்கண் குற்றம் சாட்டுபவர் காவலரே. ஆனால் கோப்பைப் படித்த அரச வழக்கறிஞர் வழக்கை நிறுத்திவிடலாம். அவர் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். தண்டனை கிட்டுவதற்கு நியாயமான வாய்ப்பைத் தரும் சான்றுகள் உள்ளனவா என்பது முதலாவது. வழக்குத் தொடுப்பது பொதுநலனுக்கு ஏற்றதா என்பது இரண்டாவது.

காவலரின் கசப்பு இங்கேதான் தொடங்கிற்று. இரவு பகலாக அலைந்து பிடித்தவனை, நிகழ்விடத்தையே பாராத ஒருவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு விடுவிக்கிறாரே என்று அவர்கள் மனம் குமுறினர். தொடக்க ஆண்டுகளில் புதிய துறையில் ஆட்பற்றாக்குறையும் மிகுந்திருந்தது. துறையின் முதலெழுத்துகளைக் 'கிரிமினல் புரொடெக்‌ஷன் சர்வீஸ்', அதாவது குற்றவாளிகளைக் காக்கும் சேவை, என விரித்துக் கூறிக் காவலர் எள்ளி நகையாடினர்.

இக்குமுறலை வெறும் அதிகார ஆசை என்று தள்ளிவிடலாகாது. அடிபட்டவரின் முகத்தைக் கண்டவர் காவலர். சாட்சி சொல்ல அஞ்சியவரை இணங்க வைத்தவரும் அவரே. அதே வேளையில், குறுக்கு விசாரணையில் அந்தச் சாட்சி நிற்பாரா என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது வழக்கறிஞரின் கடமை. ஐயத்துக்கிடமான வாக்குமூலத்தால் ஓர் ஏழை இளைஞன் சிறை புகாதிருக்க அவருடைய தடை வேண்டும். இருவர் பார்வையும் தேவையானவையே. ஒருவரையொருவர் பழித்துக்கொண்டு இருவரும் கடமையில் தவறும்போதுதான் கேடு விளைகிறது. அக்கேட்டைச் சுமப்பவர் யார் என்பதை அடுத்த வழக்குக் காட்டும்.

ஸ்டீபன் லாரன்ஸ்

1993 ஏப்ரல் 22 அன்று தென்கிழக்கு இலண்டனில், பேருந்துக்காகக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்னும் பதினெட்டு வயது மாணவர் வெள்ளை இளைஞர் கூட்டமொன்றால் குத்திக் கொல்லப்பட்டார். அவர் கறுப்பினத்தவர் என்பதே காரணம். காவலர் இருவர்மீது குற்றம் சாட்டினர். சான்று போதாதென்று அதே ஆண்டு சூலையில் அரச வழக்குத் துறை வழக்கைக் கைவிட்டது. மனம் தளராத பெற்றோர் தாமே தனி வழக்குத் தொடுத்தனர். அதுவும் 1996-இல் சான்றின்மையால் வீழ்ந்தது.

வழக்கறிஞர் கைவிட்டதால் நீதி தவறியது என்று மேலோட்டமாகப் பார்ப்போர் கூறிவிடலாம். ஆனால் சர் வில்லியம் மாக்பெர்சன் தலைமையிலான விசாரணைக் குழு 1999-இல் அளித்த அறிக்கை வேரையே தொட்டது. முதல் நாட்களில் செய்ய வேண்டிய கைதுகளைச் செய்யாதது, கிடைத்த தகவல்களைப் புறக்கணித்தது, திறமையின்மை, தலைமையின் தவறு ஆகியவற்றோடு, காவல் துறை என்னும் நிறுவனத்திலேயே ஊறிய இனப்பாகுபாடும் புலனாய்வைக் கெடுத்தது என்று அது வெளிப்படையாக உரைத்தது. புலனாய்வு பழுதானால் வழக்கறிஞரிடம் செல்லும் கோப்பும் பழுதாகவே இருக்கும். விதை பழுதென்றால் விளைச்சலை நோவதில் பயனென்ன? பின்னர்ச் சட்டம் திருத்தப்பட்டு, புதிய அறிவியல் சான்றுகளும் கிடைத்து, 2012-இல் இருவர் தண்டிக்கப்பட்டனர். இடையில் கழிந்தவை பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல். அத்தனை ஆண்டுகளும் அந்தப் பெற்றோர் ஓயாது போராடினர்.

2003-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம் பெரிய வழக்குகளில் குற்றம் சாட்டும் முடிவையே காவலரிடமிருந்து அரச வழக்கறிஞரிடம் மாற்றியது. முன்பு வழக்கை நிறுத்துகிறார்களே என வருந்திய காவலர், இப்போது அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியுள்ளதே என வருந்தினர். ஆனால் இவ்வரலாற்றில் நமக்கு மிகவும் பயன்படுவது பின்வந்த ஒரு திருப்பம். வழக்குத் தொடுக்க மறுக்கும் முடிவை மறு ஆய்வு செய்யுமாறு கேட்கப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டென 2011-இல் மேல் நீதிமன்றம் கூறியது. 2013-இல் அதற்கென ஒரு திட்டமே ஏற்பட்டது. இருவருக்கிடையே நடந்த வழக்கில், மறக்கப்பட்டிருந்த மூன்றாமவருக்கு ஒருவாறு இடம் கிடைத்தது.

நம் நாட்டு முறை

இந்தியாவில் நிலைமை வேறு. இங்குப் புலனாய்வை முடித்துக் குற்றப் பத்திரிகை அளிப்பவர் காவல் அதிகாரியே. காவல் துறையினரே வழக்கையும் நடத்தும் பழக்கம் முன்பு கீழ் நீதிமன்றங்களில் இருந்தது. அதனைப் பிரிக்க வேண்டுமெனச் சட்ட ஆணையம் 1958-இல் பரிந்துரைத்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. அதன் இடத்தில் 2024 சூலை 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னும் இப்பிரிவினை தொடர்கிறது.

இப்பிரிவினையின் எல்லையைக் காட்டிய வழக்கு நம் தமிழ்நாட்டிலிருந்தே சென்றது. அரசு வழக்கறிஞரின் கருத்தைப் பெற்றுத் திருத்திய குற்றப் பத்திரிகை அளிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஒரு புலனாய்வு அதிகாரிக்கு ஆணையிட்டிருந்தது. அதனை 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. புலனாய்வு வேறு, வழக்கு நடத்துதல் வேறு. முன்னதில் அரசு வழக்கறிஞரை நுழைக்கலாகாது என்று அது தீர்ப்பளித்தது.

ஆகவே இங்கிலாந்துக் காவலர் அரச வழக்கறிஞரைக் குறை கூறினால், இங்கு அரசு வழக்கறிஞர் 'கோப்பே பழுது' என்று காவலரைக் குறை கூற இடமுண்டு. வழக்கு நடத்திய விதமே பழுது என்று காவலர் திருப்பிக் கூறவும் இடமுண்டு. இருவருக்கும் இடையே நம் சேரியிலிருந்து சென்ற வழக்கு மெலிந்துபோகலாகாது.

இவ்வபாயத்தை எண்ணியே 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சில காவல்களை வகுத்தது. தனி நீதிமன்றமும் சிறப்பு அரசு வழக்கறிஞரும் அதில் உண்டு. 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி துணைக் கண்காணிப்பாளர் தரத்துக்குக் குறையாத அதிகாரியே புலனாய வேண்டும். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் சிறந்த மூத்த வழக்கறிஞரை மாவட்ட ஆட்சியர் அமர்த்தவும் அவ்விதிகள் இடமளிக்கின்றன. ஒரு பிரிவைக் குற்றப் பத்திரிகையில் சேர்ப்பதா விடுவதா என்பது வெறும் எண்ணைப் பற்றிய செய்தியன்று என்பதை இதனால் உணரலாம். அந்த எண்ணைத் தொடர்ந்தே இக்காவல்களும் நிவாரணமும் வருகின்றன. 2015-இல் செய்யப்பட்ட திருத்தம், பிணை, விடுவிப்பு, தண்டனை முதலிய கட்டங்களில் தம் கருத்தைக் கூறும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கு அளித்தது.

இவ்வுரிமைகள் கேட்போர்க்கே கிடைக்கும். கோகுல்ராஜ் கொலை வழக்கில் அவருடைய தாய் விடாது வேண்டியதன் பயனாகச் சிறப்பு அரசு வழக்கறிஞர் மாற்றப்பட்டார். வழக்கும் மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022-இல் பத்துப் பேர் தண்டனை பெற்றனர். இலண்டன் தாய்க்கும் தமிழ்நாட்டுத் தாய்க்கும் இடையே கடல்கள் பல இருப்பினும் உறுதி ஒன்றே.

இளைஞர்க்கு ஒரு சொல்

முதல் தகவல் அறிக்கையின் படியை இலவசமாகப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை. அதைப் பெற்றவுடன் எந்தெந்தப் பிரிவுகள் குறிக்கப்பட்டுள்ளன என்று படித்தறிதல் வேண்டும். வழக்கை முடித்துவிடலாமெனக் காவலர் அறிக்கை அளித்தால், நீதித்துறை நடுவர் அதனை ஏற்குமுன் புகார் கொடுத்தவருக்கு அறிவித்து அவர் கூறுவதைக் கேட்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1985-இலேயே கூறியுள்ளது. அவ்வறிவிப்பு வரும் நாளில் வாயடைத்து நில்லாமல், மறுப்பு மனு அளிக்க வேண்டும்.

இவற்றை ஊர்தோறும் எடுத்துரைக்கப் படித்தவர் வேண்டும். நம் சங்கத்தின் உதவியால் பட்டம் பெற்றோருள் ஆசிரியரும் எழுத்தரும் ஆவதை வரவேற்கிறோம். அவர்களோடு, புலன் விசாரிக்கும் அதிகாரியாகவும் வழக்கு நடத்தும் அரசு வழக்கறிஞராகவும் நம் பிள்ளைகள் அமர வேண்டும். அந்நாற்காலிகளில் அமர்ந்தபின், மற்றவர்மீது பழி போட்டுக் கோப்பை மூடாமல், தாம் செய்த முடிவுக்கு எழுத்தில் காரணம் காட்டும் நேர்மையும் வேண்டும். பாதிக்கப்பட்டவர் அக்காரணத்தைக் கேட்க உரிமையுடையவர் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

அத்தகையோரை உருவாக்கும் பணியில் நம் கல்விச் சங்கம் பொன்விழாவும் காண்க! வாழ்க கல்வி! வளர்க சங்கம்!