ஆட்சி எல்லையும் மொழி எல்லையும்: பாறசாலைப் பகுதியும் பூயின் மொழியும்

இரு மொழிகளுக்கிடையே எல்லை எவ்வாறு தோன்றுகிறது? பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரச் சிற்றூர்களின் வழக்கைப் பசிபிக் தீவொன்றின் பாப்புவன் மொழியோடு ஒப்பிட்டு இக்கட்டுரை இவ்வினாவை ஆராய முற்படுகிறது.

1956 நவம்பர் 1 வரை விளவங்கோடு, நெய்யாற்றின்கரை வட்டங்கள் ஒரே மாநிலத்தில் இருந்தன. அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பாறசாலையை உள்ளிட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சொல்வழக்கு இக்கோட்டைப் பின்பற்றவில்லை. தமிழகத்துக் களியக்காவிளை, கேரளத்து அமரவிளை ஆகிய ஊர்ப்பெயர்கள் ஒரே ஈறு கொண்டவை. பலா இருபுறமும் ‘சக்கை’, மரவள்ளி ‘மரச்சீனி’.

மலையாளத்தைத் தமிழினின்று பிரிக்கும் இலக்கணக் கூறுகளும் ஒருங்கே தோன்றியவையல்ல. ‘ந்த’ என்பது ‘ந்ந’ என மெல்லொலியாதலை 14ஆம் நூற்றாண்டின் லீலாதிலகம் கேரள வழக்கின் இயல்பாகக் காட்டுகிறது. வினைமுற்றின் பால்காட்டும் ஈறு மறைந்தது வேறொரு மாற்றம். பழைய மலையாளச் செய்யுளில் அவ்வீறு உண்டு. இன்று தமிழில் ‘அவன் வந்தான், அவள் வந்தாள்’ எனப் பால் வேறுபடும். மலையாளத்தில் இருவர்க்கும் ‘வந்நு’ என்பதே வினை.

பால் இயைபே எல்லையாவதற்குப் பூயின் மொழி மற்றொரு சான்று. பாப்புவன் என்பது ஆஸ்திரோனேசியம் அல்லாத பல குடும்பங்களுக்குரிய தொகுப்புப் பெயர். அவ்வகையைச் சார்ந்த பூயின், புகேன்வில் தீவின் தென்பகுதியில் வழங்குவது. அதன் ஊயிசாய் கிளைமொழியை ஏறத்தாழ 1,500 பேரும், ஏனைய கிளைமொழிகளை ஏறத்தாழ 17,000 பேரும் பேசியதாக டொனால்டு லேக்காக் 1982இல் எழுதினார். ஊயிசாயில் பால் இயைபு முற்றிலும் தலைகீழானது: பிறர் ஆண்பாலுக்கு வழங்கும் வடிவம் இங்குப் பெண்பாலுக்கும், பெண்பாலுக்குரியது ஆண்பாலுக்கும் வரும். இயல்பான ஒலிமாற்றம் இதனை விளக்காது. அண்டையாரினின்று வேறுபட விழைந்தோரின் தேர்வே இது என்று அவர் கருதினார்.

அங்குப் பேசுவோரே எல்லையிட்டனர். இங்கோ பாடநூலும் அலுவலக மொழியும் எல்லையிடுகின்றன. குடிக்கணக்கில் தாய்மொழியாக ஒன்றையே குறிக்க வேண்டியிருப்பதால், இடைப்பட்ட வழக்கு பெயரின்றி மறைகிறது. மொழிபெயர்ப்பிலும் இச்சிக்கல் உண்டு. தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ போன்று குமரி மாவட்ட வழக்கில் அமைந்த நாவல்களை மலையாளத்தில் பெயர்க்கும்போது, தமிழில் வட்டாரச் சொல்லாக ஒலிப்பது அங்குப் பொதுச்சொல்லாகி அடையாளம் இழக்கலாம்.

எனவே, மாநிலக் கோட்டைக் கருதாது, ஒவ்வொரு கூறும் எவ்வூர்வரை வழங்குகிறது என ஊர்தோறும் தனித்தனியே பதிவு செய்தல் வேண்டும். அப்பதிவு கிடைத்த பின்னரே இவ்வழக்கிற்குப் பெயரிடுதல் முறையாகும்.